நாற்பது லட்சத்துக்குள் ஒரு குடும்பம்

ஒரு தேசத்தின் எதிர்காலம் அதன் தொழில்முனைவோரின் கையில் இருக்கிறது. துணிந்து ஒரு புதிய நிறுவனத்தைத் தொடங்குகிறவரே பொருளாதாரத்துக்கு உயிர் கொடுக்கிறார். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அப்படி உயிர் கொடுத்தவர்கள் ஒரே கடைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் முழங்கால் வலியால் நான்கு வருடமாக அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. இன்னொருவர் கல்யாணமாகி மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் இருந்தார். மூன்றாமவருக்குத் தாம் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருப்பதே சரியாகத் தெரியாது.

கடையைப் பார்த்துக்கொண்டவர் அப்சல். வயது நாற்பத்து மூன்று. வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், ஸ்வெட்டர், ஏலக்காய் என்று சுற்றுலாக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது வாங்குகிற எல்லாம் விற்கிற முப்பதடிக் கடை. அவருடைய அத்தா அப்துல் சலாம் தொடங்கியது. அத்தா மவுத்தான பிறகு பதினெட்டு வருடமாக அப்சல்தான் முதலாளி. பஜாரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

வருடத்துக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் சரக்கு விற்கிற ஒருவர் ஜிஎஸ்டியில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அப்சல் கடையில் வருடத்துக்கு ஒரு கோடியே பத்து லட்சம் போல ஓடும். சட்டம் ஆளைத்தான் சொல்கிறது, கடையைச் சொல்லவில்லை என்று கண்டுபிடித்தவர் வத்தலக்குண்டு திருமலைச்சாமி. அவர் ஆடிட்டர் இல்லை. வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். ஆனால் மலையேறி வரும்போது தோல் பெட்டியும் கழுத்தில் மஃப்ளரும் இருப்பதால் எல்லோரும் ஆடிட்டர் என்றார்கள். அவர் மறுத்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் கடையை மூன்றாகப் பிரித்தார். சுவர் எதுவும் எழுப்பவில்லை. காகிதத்தில்தான் பிரித்தார். ஒன்று அப்சலின் அம்மா ஷம்ஷாத் பெயரில், ஒன்று மனைவி சாஹிரா பெயரில், ஒன்று தங்கை ஆலிமா பெயரில். மூன்று உரிமம், மூன்று வங்கிக் கணக்கு, கல்லாவில் பணம் வாங்க மூன்று க்யூஆர் அட்டை. மே மாத சீசனுக்கு ஷம்ஷாத் அட்டை வெளியே நிற்கும். அது முப்பத்தெட்டு லட்சத்தைத் தொட்டதும் குப்புறப் படுத்து மேசைக்கு அடியில் போய்விடும். பூஜை விடுமுறைக்கு ஆலிமா அட்டை. கிறிஸ்துமஸ் தொடங்கி மார்ச் முடிய சாஹிரா அட்டை. எந்தச் சரக்கு எந்த நிறுவனத்துடையது என்று கேட்டால், அது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது.

ஓடியாடுகிற ஆண் பெயரில் மட்டும் எதுவும் இருக்கக் கூடாது என்பது திருமலைச்சாமியின் கொள்கை. ஆபீசர் யாராவது கடைக்கு வந்தால், ஓனர் வீட்டில் இருக்கிறார்கள், நான் மேனேஜர் என்று சொல்ல வேண்டும். இந்த யோசனை பஜாருக்கே பிடித்துப்போனது. பகல் பதினோரு மணிக்கு ஆபீசர் ஜீப் நாயுடுபுரத்துக்குள் நுழைந்தால், அந்த நீளத் தெருவில் ஒரு முதலாளியைக்கூடப் பார்க்க முடியாது. எல்லோரும் மேனேஜர்கள்தான். ஜீப் இறங்கிப் போனதும் முதலாளிகள் திரும்பி வருவார்கள்.

போன செப்டம்பரில் சாக்லேட்டுக்கான வரி பதினெட்டு சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. இனிப் பிரித்து வைத்திருக்கத் தேவையில்லையோ என்று அப்சலுக்கே ஒரு சந்தேகம் வந்தது. திருமலைச்சாமியிடம் கேட்டார். ஐந்தும் வரிதானே பாய் என்று அவர் சொன்னதும் சந்தேகம் தீர்ந்தது. அட்டைகள் வழக்கம்போல முறை வைத்து மாறிக்கொண்டிருந்தன.

சாக்லேட் செய்வது சாஹிரா. வீட்டின் பின்கட்டில், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறவைத்து, வண்ணத்தாள் சுற்றிக் கடைக்கு அனுப்புவார். ஆனால் அவருடைய மனசு இரண்டு வருடமாகப் பூண்டில் இருந்தது. பூம்பாறையிலிருந்து வரும் மலைப்பூண்டில் அவர் செய்கிற தொக்கு, முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனது, பிறகு நான்கைந்து ஹோம்ஸ்டேகளுக்குப் போனது, அங்கே தங்கியவர்கள் வழியாக மதுரைக்குப் போனது. மதுரையில் ஒரு பெரிய பலசரக்குக் கடையிலிருந்து போன் வந்தது. மாதம் நானூறு பாட்டில் தர முடியுமா என்று கேட்டார்கள்.

தர முடியாததற்குக் காரணம் சாக்லேட்தான். பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் சாக்லேட் இழுத்துக்கொள்ளும். போன மே மாதம் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று ஒரு கிலோ டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து, இதில் பூண்டு அடிக்கிறது என்றது. அப்சல் அது ஹெர்பல் வகை என்று சொல்லிப் பார்த்தார். அவர்களுடைய குழந்தை அழுதுகொண்டே இன்னொரு துண்டைத் துப்பியது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே பூண்டுக்கு வீட்டில் தடை போட்டார்.

ஆக சாஹிராவுக்குத் தனி இடம் வேண்டும். அட்டுவம்பட்டியில் சோலையம்மாள் என்பவரின் தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. தண்ணீர் வசதி உண்டு, காற்று கீழ்ப்பக்கமாக வீசும், சுற்றி வீடு இல்லை. ஒரு ஜீப் மெக்கானிக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கல் வரைக்கும் வைத்திருக்கிறேன், அதற்குள் முன்பணத்தைக் கொண்டுவா என்று சோலையம்மாள் சொல்லிவிட்டார். பூண்டு உரிக்கிற மெஷின், அடுப்பு, பாட்டிலுக்கு மூடி போடுகிற கருவி எல்லாம் சேர்த்து எட்டு லட்சம்.

கடன் வேண்டும். முதன்முறையாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கால் பங்கு மானியத்தோடு கடன் தருகிற அரசுத் திட்டம் ஒன்று இருப்பதை சாஹிரா இ-சேவை மையத்தில் ஒட்டியிருந்த தாளில் படித்தார். யாரிடமும் கேட்காமல் தானே விண்ணப்பம் போட்டார். நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: இதற்கு முன் சொந்தமாகத் தொழில் நடத்தியதுண்டா? சாஹிரா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இல்லை என்று எழுதினார். ஆறு வருடத்துக்கு முன்னால் புருஷன் நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டது நினைவில் இருந்தது. ரேஷன் கார்டுக்குப் போட்டதும் நினைவில் இருந்தது. இரண்டையும் அவர் ஒரே இடத்தில்தான் வைத்திருந்தார்.

விண்ணப்பம் திண்டுக்கல்லில் பரிசீலனையில் இருந்தபோது பேராசிரியர் ராஜமுருகன் கொடைக்கானலுக்கு வந்தார். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பவர். மலைப்பகுதிகளில் புதிய நிறுவனங்களின் தோற்றத்தில் நிறுவன அமைப்புகளும் வணிக வரியும் செலுத்தும் செல்வாக்கு என்பது அவருடைய தலைப்பு. இரண்டு மாதம் முன்பே அவருடைய மாணவர்கள் கடை கடையாக ஏறி இறங்கிக் கேள்வி கேட்டு எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றியிருந்தார்கள். பஜார் சங்கம் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, காகிதத்தில் இருந்ததையெல்லாம் சொன்னது.

டிசம்பர் முதல் வாரம் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கருத்தரங்கு. மேடையில் பேராசிரியர், சங்கத் தலைவர், சிறப்பு விருந்தினராகத் திண்டுக்கல் தொழில் அலுவலகத்திலிருந்து ஷர்மிளா என்ற அதிகாரி. கீழே பஜார்க்காரர்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டன் பிரியாணி என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால் கூட்டம் நன்றாக இருந்தது.

பேராசிரியர் திரையில் ஒரு படம் போட்டார். ஏழு வருடத்தில் நாயுடுபுரத்தில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் மூன்று மடங்காகிவிட்டன. பதிவு முறை எளிமையானதும் இணையத்தில் வந்ததும் இதற்கு முதல் காரணம் என்றார். அடுத்த படத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டு விற்பனையும் ஒரு புள்ளியாக இருந்தது. எல்லாப் புள்ளிகளும் முப்பத்தேழுக்கும் நாற்பதுக்கும் இடையில் எறும்புக் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நாற்பதுக்கு மேல் வெறும் வெள்ளை.

பேராசிரியர் அந்த வெள்ளையைச் சுட்டிக்காட்டினார். சமவெளியில் இருப்பவர்களுக்கு வளர்ச்சி வெறி உண்டு, மலைவாழ் பெண்களிடம் அது இல்லை, ஓரளவுக்கு மேல் சம்பாதிக்க அவர்கள் விரும்புவதில்லை, இதை நான் மனநிறைவுப் பண்பு என்று அழைக்கிறேன் என்றார். பஜார்க்காரர்கள் கைதட்டினார்கள். ஷர்மிளா கைதட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புள்ளிகளை இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு சால்வை. ஐந்து வருடத்துக்கு மேல் வெற்றிகரமாக நிறுவனம் நடத்தும் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு. சங்கத்தில் பட்டியல் கொடுத்தது அப்சல். ஷம்ஷாத்தால் படியேற முடியாது, ஆலிமா வரவில்லை, எனவே சாஹிரா. எனக்கு எதுக்குங்க இதெல்லாம் என்று சாஹிரா தயங்கினார்.

“சங்கத்துல பேரு வாசிச்சுட்டாங்க. போயி வாங்கிட்டு வந்துரு. ரெண்டு நிமிசச் சோலி.”

சாஹிரா போனார். ஷர்மிளாதான் போர்த்திவிட்டார். என்ன தொழில் என்று கேட்டார். சாக்லேட் என்று அப்சல் கீழேயிருந்து சொன்னார். எத்தனை வருடம் என்று கேட்டார். ஆறு என்று அப்சல் சொன்னார். போட்டோக்காரர் எடுத்தார். பிரியாணியில் கறி குறைவு என்று அப்புறம் ஒரு வாரம் பேச்சு இருந்தது.

பதினைந்து நாள் கழித்து சாஹிராவுக்கு நேர்காணல் வந்தது. வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போனார். பையில் இரண்டு பாட்டில் தொக்கு, மதுரைக் கடைக்காரர் எழுதிக்கொடுத்த கடிதம், கொட்டகையின் படம். வரிசையில் நான்காவது. உள்ளே போனதும் ஷர்மிளா நிமிர்ந்து பார்த்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கு நான் சால்வை போட்டேனே.”

“ஆமாங்க மேடம்.”

“இதுல நாலாவது பக்கத்துல, முன்னால தொழில் நடத்தலைன்னு எழுதியிருக்கீங்க.”

“நடத்தலைங்க மேடம்.”

“அப்போ அன்னிக்குச் சால்வை எதுக்கு வாங்குனீங்க?”

 வீட்டுக்காரர் வாங்கச் சொன்னார் என்றார் சாஹிரா. ஷர்மிளா கணினியைத் திருப்பிக் காட்டினார். சாஹிரா பெயர், சாஹிரா பான் எண், நாயுடுபுரம் முகவரி, உரிமையாளர், ஆறு வருடம், போன வருட விற்பனை முப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம். தன் பெயருக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய எண்ணை சாஹிரா அதற்கு முன் பார்த்ததில்லை.

ஷர்மிளா குரலை உயர்த்தவில்லை. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று விளக்கினார். இந்த நிறுவனம் உங்களுடையது என்றால் நீங்கள் புதிய தொழில்முனைவோர் இல்லை, மானியம் கிடையாது. உங்களுடையது இல்லை என்றால் மானியம் கிடைக்கும். ஆனால் அது யாருடையது என்று வரி அலுவலகம் கேட்கும், நானும் எழுதித் தர வேண்டியிருக்கும்.

“எதை எழுதட்டும்னு நீங்களே சொல்லுங்க.”

 விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று சாஹிரா கேட்டார். வாங்கிக்கொள்ளலாம் என்று ஷர்மிளா சொன்னார். தொக்குப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது உண்மையிலேயே நீங்கள் செய்ததா என்று கேட்டார். ஆமாம் என்றபோது சாஹிராவின் குரல் அன்றைக்கு முதல் தடவையாகத் தெளிவாக இருந்தது. ஷர்மிளா பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார். அலுவலகத்தில் எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மறுநாளே திருமலைச்சாமி மலையேறி வந்தார். ஷம்ஷாத் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த முன்னறையிலேயே பெட்டியைத் திறந்தார். அவருக்கு இதில் பிரச்சினை எதுவும் தெரியவில்லை. ஒரு பெயர் பழசாகிவிட்டால் இன்னொரு பெயரை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். விரல் விட்டு எண்ணினார். அம்மா பெயர் ஆயிற்று, தங்கச்சி பெயர் ஆயிற்று, மனைவி பெயர் ஆயிற்று. குடும்பத்தில் அரசாங்கம் இதுவரை கேள்விப்படாத பெயர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நாற்பத்தைந்து வயசு வரைக்கும் அந்தத் திட்டத்தில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டு அப்சலைப் பார்த்தார்.

அப்சல் சிரித்தார்.

“ஆடிட்டரே, பதினெட்டு வருசமா இந்த பஜார்ல முதலாளியா இருக்கேன். என்னையப் போயி புதுசா தொழில் தொடங்கச் சொல்றீங்களா?”

“எங்க பாய்? ஒரு ரசீது காட்டுங்க.”

அப்சல் விளையாட்டாகத்தான் யோசிக்கத் தொடங்கினார். கடை வாடகை ஒப்பந்தம் மூன்று பெண்கள் பெயரில். கரண்ட் பில் இன்னும் அத்தா பெயரிலேயே வருகிறது. வேன் அம்மா பெயரில். கையில் இருக்கிற போனின் சிம் ஆலிமா காலேஜ் படித்தபோது எடுத்தது. ஓட்டுநர் உரிமம் ஒன்று தன் பெயரில் இருப்பது நினைவுக்கு வந்து அதைச் சொன்னார். திருமலைச்சாமி அது தொழிலில் சேராது என்றார்.

சாஹிரா சுவரோரமாக நின்றிருந்தார். தொக்கு இவர் பெயரில் என்றால் அதில் நான் யார் என்று கேட்டார்.

“ஸ்டாஃபுன்னு போட்டுக்கலாம் தங்கச்சி. சூப்பர்வைசர்னு வேணாலும் போடலாம்.”

 சாஹிரா சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார். திருமலைச்சாமி பாதி குடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. என் பெயரில் என்னவெல்லாம் இருக்கிறது, ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

அது எதற்கு இப்போது என்று அப்சல் சொன்னார். திருமலைச்சாமியும் அப்சலைத்தான் பார்த்தார். ஆனால் கேட்பவர் காகிதப்படி அவருடைய கட்சிக்காரர். அவர் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு வாசித்தார். கடையில் நடுப்பகுதி பத்தடிக்கு வாடகை ஒப்பந்தம். உணவுப் பாதுகாப்பு உரிமம். ஃப்ரீசர் இரண்டு. சாக்லேட் உருக்கும் மெஷின் ஒன்று. நடப்புக் கணக்கு ஒன்று, கையெழுத்து அதிகாரம் சாஹிரா ஒருவருக்கு மட்டும். ஆறு வருட வருமான வரிக் கணக்கு, ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல். கடைசி வரியை அவர் கொஞ்சம் பெருமையோடு வாசித்தார். அது அவர் செய்த வேலை.

கட்டிலிலிருந்து ஷம்ஷாத்தின் குரல் வந்தது.

“அப்படியே என் பேருல என்ன கெடக்குன்னும் வாசிங்க ஆடிட்டரே. நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

அம்மா, நீ சும்மா இரு என்று அப்சல் சொன்னார். ஷம்ஷாத் சும்மா இருந்தார். ஆனால் வாசிக்கச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திருமலைச்சாமிக்கு அவசரமாக வத்தலக்குண்டு பஸ் ஞாபகம் வந்தது.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிற வழியில் அப்சல் காசோலைப் புத்தகத்தைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போவார். சாஹிரா பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு வைப்பார். பெயரும் தொகையும் பிற்பாடு நிரம்பும். ஆறு வருடமாக இதுதான் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை அப்சல் திரும்பி வந்தபோது புத்தகம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

“என்ன சாஹிரா, மறந்துட்டியா? வெரசா போட்டுக் குடு. ஸ்வெட்டர்க்காரன் காத்துக்கிட்டிருக்கான்.”

“பேரும் தொகையும் எழுதிட்டுக் கொண்டாங்க. பார்த்துட்டுப் போடுறேன்.”

“புருசன நம்பலையா நீ?”

“புருசன நம்புறேன். மேனேஜருன்னா பார்த்துத்தான் போடணும்.”

 அப்சல் மேசை முன்னால் உட்கார்ந்து, ஸ்வெட்டர்க்காரர் பெயரையும் தொகையையும் எழுதினார். கையெழுத்து உடனே கிடைத்தது. மீதி ஒன்பது தாளும் வெற்றாகவே இருந்தன.

திங்கட்கிழமை சாஹிரா வங்கிக்குப் போனார். மானியம் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆறு வருடமாக நடக்கிற தன் நிறுவனத்தில் ஒரு புதுப் பிரிவு தொடங்க எட்டு லட்சம் வேண்டும் என்றார். மேலாளர் கணினியில் பார்த்தார். விற்பனை சீராக இருக்கிறது, கணக்கு சுத்தமாக இருக்கிறது, ஒரு காசோலைகூடத் திரும்பியதில்லை. மேடம் நீங்கள் ஏன் இவ்வளவு நாளாக வரவேயில்லை என்று கேட்டார். நேரம் கிடைக்கவில்லை என்று சாஹிரா சொன்னார். வட்டி கூடுதல்தான். மானியத்தோடு ஒப்பிட்டால் இரண்டு லட்சம் நஷ்டம். அதையும் அவர் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் சோலையம்மாளிடம் முன்பணம் போய்ச் சேர்ந்தது. ஜீப் மெக்கானிக் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அடுத்து மதுரைக் கடைக்காரர் ஜிஎஸ்டி எண் கேட்டார். எண் இல்லாதவர்களிடம் அவர்கள் சரக்கு எடுப்பதில்லை. சாஹிரா திருமலைச்சாமிக்குப் போன் செய்து, என்னைப் பதிந்துவிடுங்கள் என்றார்.  இருபது வருடமாக ஆட்களை வரிக்கு வெளியே நிறுத்திவைத்துச் சோறு தின்கிறவர் அவர். தானாகவே உள்ளே போகிறேன் என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. நாற்பதைத் தாண்டாதவரைக்கும் சட்டப்படி அவசியமில்லை என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். தாண்டத்தான் போகிறேன் என்று சாஹிரா சொன்னார்.

பிப்ரவரியில் எண் வந்தது. அன்றோடு கல்லாவில் சாஹிரா அட்டை நிற்பதும் நின்றது. இனிமேல் அந்த அட்டைக்குள் வருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வரி போட்டு பில் தர வேண்டும் என்பதால் அப்சலே அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஷம்ஷாத் அட்டையும் ஆலிமா அட்டையும் ஏற்கனவே முப்பத்தெட்டில் படுத்திருந்தன. நிதியாண்டு முடிய ஒன்றரை மாதம் இருந்தது. அதுவரை கடையில் ரொக்கம் மட்டும் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தார். காதலர் தினத்துக்கு வந்த ஜோடிகள் அதைப் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அப்சல், கல்லாவில் மூன்றாவது அட்டைக்கு ஒரு பெயர் வேண்டி, வத்தலக்குண்டுக்குப் போனார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. திருமலைச்சாமி விண்ணப்பத்தை முன்பே நிரப்பி வைத்திருந்தார். தமிழ்நாட்டிலேயே இவ்வளவு சுத்தமான பெயரைப் பார்த்ததில்லை பாய் என்று பாராட்டினார். சாஹிராவின் ஃப்ரீசரும் மெஷினும் சாஹிராவுடையதாகிவிட்டதால் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. வாங்குவதை மானியத்தில் வாங்கிவிடலாம்.

திண்டுக்கல்லில் அதே அறை, அதே ஷர்மிளா. விண்ணப்பதாரர் அப்சல், கொடைக்கானல், சாக்லேட் தயாரிப்பும் விற்பனையும். அன்றைக்குக் கீழேயிருந்து பதில் சொன்ன குரல் அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. காட்டிக்கொள்ளவில்லை. கணினியில் பான் எண்ணைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை போட்டார். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

“இந்தத் தொழில்ல முன் அனுபவம் ஏதாவது உண்டா சார்?”

அப்சல் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இல்லைங்க மேடம்.”

ஷர்மிளா அதை எழுதிக்கொண்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கடன் கைக்கு வருவதற்கு முன்னால் பத்து நாள் பயிற்சி கட்டாயம் என்றார்.

மார்ச்சில் அப்சல் திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார். வகுப்பில் இருபத்தெட்டு பேர். அவருக்கு அடுத்தபடி வயதில் மூத்தவருக்கு முப்பத்தொன்று. பக்கத்தில் உட்கார்ந்த பெண் வயல்களுக்கு மருந்தடிக்க ட்ரோன் வாங்கப் போகிறவர்; அவர் அப்சலை அங்கிள் என்று கூப்பிட்டு, முதல் தடவை என்றால் பயமாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள் என்றார். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று ஒருநாள் முழுக்கச் சொல்லித்தந்தார்கள். அப்சல் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அந்தப் பத்து நாளும் நாயுடுபுரம் கடையில் சாஹிரா உட்கார்ந்தார். ரொக்கமாக வாங்கி, கேட்டவர்களுக்கு பில்லும் கொடுத்தார். மாலையில் அட்டுவம்பட்டிக்குப் போய்க் கொட்டகையைப் பார்த்துவந்தார். முதல் நானூறு பாட்டில் மதுரைக்குப் போனது. கடை விற்பனை முந்தைய பத்து நாளைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. போனில் அப்சல் கேட்டபோது சுமாராகத்தான் போகிறது என்று சொன்னார்.

கடைசி நாள் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். ஐந்து பகுதி, பகுதிக்குப் பத்து மதிப்பெண். முடிவை மாலையில் வாசல் பலகையில் ஒட்டினார்கள். ட்ரோன் பெண் முதலிடம். அப்சல் மொத்தம் ஐம்பதுக்கு இருபத்தாறு வாங்கித் தேர்ச்சி பெற்றிருந்தார். வரி பற்றிய பகுதியில் அவர் வாங்கியது பூஜ்யம்.